கேஜ் வந்த ஞாயிறு

எங்கள் சபையில் ஒரு நல்ல பெண்ணின் பேர் கெட்டது என்னால்தான். குறும்பு என்னுடையது, திட்டு வாங்கியவள் அவள்.

மாரிகுப்பத்தில் எங்கள் சர்ச்சுக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்தது. பாட்டு வரிகளையும் பிரசங்க வசனங்களையும் படங்களாக ஒரு ஃபோல்டரில் வரிசையாகப் போட்டு, அந்தப் பெண் திரையில் காட்டுவாள். வாரமெல்லாம் பெங்களூர் வேலைக்கு ரயிலில் நசுங்குகிறவளுக்கு ஞாயிற்றுக்கிழமை அந்த நாற்காலிதான் சந்தோஷம்.

எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கம் மூடியபின் பெங்களூரில் கம்ப்யூட்டர் பராமரிப்பில் இருந்தவன் நான். கடையிலிருந்து வந்த அமைப்பை யாரும் மாற்றவில்லை என்பது முதல் வாரமே தெரிந்துவிட்டது. சபையின் வைஃபையில் சேர்ந்த எந்தப் போனும் கடவுச்சொல் இல்லாமலே அந்த ஃபோல்டரைத் திறக்கலாம், உள்ளே இருப்பதை மாற்றலாம். சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. எங்கள் பாஸ்டரின் பிரசங்கம் அவ்வளவு நீளம்; நேரம் போக ஏதாவது வேண்டியிருந்தது.

ஒரு ஞாயிறு, பிரசங்கத்தின் நடுவே, மூன்றாம் வசனம் இருந்த இடத்தில் என் போனிலிருந்து வேறொரு படத்தை வைத்தேன். பாஸ்டர் "அடுத்த வசனம்" என்றார். அவள் பொத்தானை அழுத்தினாள். அவர் தலைக்குப் பின்னால் கொட்டை எழுத்தில்: "ஷிப்ட் முடிந்தது. கேஜ் மேலே போகிறது."

சிரிப்பார்கள் என்றுதான் நினைத்தேன். பின்வரிசையில் அரைத்தூக்கத்தில் ஆறு கிழவர்கள், முப்பது வருஷம் கேஜ் என்கிற அந்தக் கூண்டில் சுரங்கத்துக்குள் இறங்கி ஏறியவர்கள், எழுந்தேவிட்டார்கள். "எந்திரிடா, கேஜ் போயிடப்போவுது!" என்று ஒருவர் பக்கத்திலிருந்தவரை உலுக்கினார். வாசல்வரை நடந்து, வெயில் பட்ட பிறகுதான் விழித்தார்கள்.

பாஸ்டர் திரையைத் திரும்பிப் பார்த்தார்.

"இன்னாமா இது? கோயில்ல விளையாட்டா?"

"நான் போடல பாஸ்டர், சத்தியமா."

"கம்ப்யூட்டர் உங்கிட்டதான இருக்குது?"

அடுத்த வாரம் நாற்காலியில் வேறொருவர். அவள் கடைசி பெஞ்சில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, பாடாமல் உட்கார்ந்திருந்தாள். நான் பாடினேன். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

அதற்கடுத்த ஞாயிறு, அறிவிப்பு நேரத்தில் எழுந்து எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். பாஸ்டர் அவளிடம் மன்னிப்புக் கேட்டார். அவள் நேரே என்னிடம் வந்தாள்.

"கதவு தொறந்துகீதுன்னு தெரிஞ்சா சொல்லணும் அங்கிள். உள்ள பூந்து ஆட்டம் போடுவீங்களா?"

அன்றே அந்தத் திறந்த வழியை மூடினேன். புதுக் கடவுச்சொல்லை அவளே போட்டாள்; போடும்போது, "அந்தப் பக்கம் திரும்புங்க" என்றாள். திரும்பினேன்.

நாற்காலி மறுபடி அவளுடையது. ஞாயிறுதோறும் ஆராதனை முடியும்வரை என் போன் அவள் மேசை டிராயரில். பிரசங்கம் முன்னைவிட நீளம். "இன்னொருவாட்டி கேஜ வர வையேன்டா" என்று பின்வரிசை நண்பன் முழங்கையால் இடிக்கிறான். நான் டிராயரைக் காட்டுகிறேன். அவள் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறாள்.