ஆறு மாடும் நாலு தாமான் பிள்ளைகளும்

பிள்ளை பார்க்கும் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும்: பிள்ளை தும்மினால் பழி நமக்கு, தும்மாவிட்டால் பெருமை டாக்டருக்கு. மலேசியாவில், லாபு தோட்டத்தில் என் வீட்டில் பகலெல்லாம் ஒன்பது பிள்ளைகள், கொல்லையில் ஆறு மாடுகள். நான் வாங்கிய பேச்சில் கொஞ்சம் கேளுங்கள், உங்களுக்கும் ஆறுதலாக இருக்கும்.

மாட்டைப் பார்த்த நாள்

பக்கத்துத் தாமானில், அதாவது புதுக் குடியிருப்பில், வீடு வாங்கி வந்தவர் ஷாமளா டீச்சர். மகள் யாழினிக்கு இரண்டு வயது, முழங்கை மடிப்பெல்லாம் சிவந்த சொறி. ஒரு வாரம் பிள்ளையை முன்வாசலில் விட்டுவிட்டுத் திரும்பியவர், அடுத்த வாரம் மாட்டுக் கொட்டகையைப் பார்த்துவிட்டார். தாமான் பிள்ளைகள் நாலு பேர். அவர்கள் போனால் என் வருமானத்தில் பாதி போய்விடும். அது தெரிந்தேதான் சொன்னார்: "மாசக் கடைசிக்குள்ள மாட்ட வித்துருங்கக்கா. இல்லன்னா நாங்க நாலு வீடும் பிள்ளைங்கள எடுத்துக்குவோம்."

டாக்டரம்மா

கோபத்தோடு கிளினிக்குக்குப் போனேன். சாணியில் புரளும் தோட்டத்துப் பிள்ளைகள் ஏன் அதிகம் தும்முவதில்லை என்று கேட்டேன். கொட்டகைத் தூசியோடு சின்னதிலேயே பழகுவதால் உடம்பு தொட்டதற்கெல்லாம் சண்டைக்குப் போகாமல் இருக்கலாம் என்றார் டாக்டரம்மா. தாய் மாசமாக இருக்கும்போதே மாட்டோடு புழங்கியதும் காரணமாக இருக்கலாமாம். எதையும் அடித்துச் சொல்லவில்லை. கிளம்பும்போது மட்டும் கண்டிப்பாகச் சொன்னார்: "அதுக்காகப் பால காய்ச்சாம குடுத்துறாதீங்கக்கா, வேற வியாதி வந்துரும்."

ஒரு பை மண்

இதைத் தாமான்காரர்களிடம் சொன்னேன். ஒரு தகப்பனுக்கு மட்டும் மூளை வேறு மாதிரி வேலை செய்தது. மறுநாள் மோட்டார் சைக்கிளில் வந்து பிளாஸ்டிக் பையை நீட்டினார். "கொட்டகை மண்ணு கொஞ்சம் போடுங்கக்கா. ஏர்கோன் காத்துக்கு முன்னால வச்சா போதும்லா, மாடே தேவையில்ல."

எதிர்சாட்சி

எனக்கு எதிரான சாட்சி என் வீட்டிலேயே இருக்கிறது. கொட்டகை ஓரத்திலேயே வளர்ந்த என் இளைய மகனுக்கு இழுப்பு. இன்ஹேலர் இல்லாமல் பள்ளிக்குப் போகமாட்டான். ஷாமளா டீச்சர் அவனைப் பற்றிக் கேட்டபோது உள்ளதைச் சொன்னேன். என் வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார்: "நீ நம்ம பக்கமா, அவங்க பக்கமா?"

மாசக் கடைசி

நாலு வீட்டாரும் வந்தார்கள். வேலி போட்டுவிட்டேன், கை கழுவக் குழாய் வைத்துவிட்டேன், மாட்டை விற்க மாட்டேன் என்றேன். தோட்டத்துப் பிள்ளை என்றாலே அழுக்கு என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவள் நான். அந்த அழுக்கிலும் ஏதோ நல்லது இருக்கலாம் என்று படித்தவர்களே பேசும்போது நான் ஏன் வெட்கப்பட வேண்டும்? மூன்று வீட்டார் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள், மண் கேட்டவர் உட்பட. ஷாமளா டீச்சர் யாழினியின் பையை ஆணியில் மாட்டினார். "உங்க மகனப் பத்தி நீங்க மறைக்கலக்கா. அதான் விட்டுட்டுப் போறேன். மாட்டுக்கிட்ட மட்டும் விடாதீங்க."

மூன்று பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள், ஆனால் ஆறு மாடும் என் வாயும் குறையவில்லை.