கார்டைத் தர மறுத்த அம்பிகா

அம்பிகாவிடம் "உன்னால முடியாது" என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்காது. பழவேற்காட்டு ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் நின்று, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கும் மாணிக்கத்தின் மகள். பிடித்ததைப் போடும் ஓலைப்பறியைப் பல்லில் கடித்துக்கொண்டே சண்டையும் போடுவாள் என்று ஊரில் சொல்வார்கள். அதில் பாதிதான் பொய்.

பொன்னேரியில் ராபர்ட்டின் ஸ்டுடியோவில் இரண்டு வருடம் வேலை பார்த்தாள். படம் எடுக்கவும், எடுத்த படத்தைக் கம்ப்யூட்டரில் திருத்தவும் அங்கேதான் கற்றாள். அவள் செய்த ஆல்பத்தில் எல்லாம் அவர் பேர்தான் இருக்கும். ஒருநாள் வெளியே வந்துவிட்டாள். பழைய கேமரா ஒன்று, யாரோ உபயோகித்துக் கழித்த லேப்டாப் ஒன்று, இவ்வளவுதான் மூலதனம்.

முதல் ஆர்டர் பக்கத்து வீட்டுக் காவியாவின் கல்யாணம். மாப்பிள்ளை வீடு மீஞ்சூர். தங்களுக்குத் தெரிந்த ஸ்டுடியோவைத்தான் வைக்க வேண்டும் என்று அவர்கள் ஒற்றைக்காலில் நின்றார்கள். காவியா மசியவில்லை. "எங்க அம்பிகாக்காதான் எடுப்பாங்க. புடிக்கலன்னா போட்டோவே வேணாம்" என்று சொல்லிவிட்டாள். கல்யாணத்தை அம்பிகாவே எடுத்து முடித்தாள். அடுத்த வியாழக்கிழமை மாப்பிள்ளை வீட்டு விருந்துக்கு ஆல்பம் மீஞ்சூருக்குப் போய்ச் சேர வேண்டும். அதற்குத் திங்கள் மதியத்துக்குள் எல்லாப் பக்கமும் பிரிண்ட் போடுகிறவர்களுக்கு அனுப்பியாக வேண்டும். தவறினால் அம்பிகாவின் மானம் மட்டுமா போகும்? புகுந்த வீட்டில் காவியாவும் தலைகுனிந்து நிற்க வேண்டியதுதான்.

சனிக்கிழமை லேப்டாப் படுத்துவிட்டது. மணப்பெண்ணின் முகத்தில் பிரஷ்ஷை இழுத்தால் கோடு சாவகாசமாக அரை நிமிடம் கழித்து வந்தது. பெரிய படத்தைத் திறந்தால் திரை அப்படியே உறைந்தது. பாட்டு, படம், விளையாட்டு என்று கண்டதையும் அழித்து டிஸ்க்கில் இடம் பண்ணினாள். பின்னால் ஓடிக்கொண்டிருந்த மற்ற புரோகிராம்களை எல்லாம் மூடினாள். ஒன்றும் பலிக்கவில்லை.

சேதி எப்படியோ பொன்னேரிக்குப் போய், ராபர்ட் போன் பண்ணினார்.

"அது செத்த மாடும்மா, எவ்ளோ அடிச்சாலும் எழுந்துக்காது. மெமரி கார்டை எடுத்துனு வந்து குடு. நான் முடிச்சுத் தரேன். பேரு மட்டும் ஸ்டுடியோ பேரா இருக்கட்டும்."

"கார்டு வராது அண்ணே."

"இன்னாம்மா இவ்ளோ வீம்பு?"

"வீம்புன்னே வச்சுக்கோங்க" என்று போனை வைத்தாள்.

ஞாயிறு காலையில் மீஞ்சூருக்குப் போனாள். ரிப்பேர் கடை சுபாஷ் அடிமூடியைக் கழற்றி ரேமைக் கூட்டினான், பழைய டிஸ்க்கை எடுத்துவிட்டு அதைவிட வேகமான எஸ்.எஸ்.டி. போட்டு, இருந்ததை எல்லாம் அதில் ஏற்றிக்கொடுத்தான். அவன் மேஜையிலேயே ஒரு மணி நேரம் உட்கார்ந்து இருபது படம் திருத்தினாள். குதிரையாக ஓடியது. வீட்டுக்கு வந்து பகல் சோறு தின்றுவிட்டு உட்கார்ந்தாள். கால் மணி நேரம் நன்றாகத்தான் போனது, பிறகு பழைய குருடி கதவைத் திறடி என்றாகிவிட்டது.

அழுகை வந்தது. அதைக் கோபம் முந்திக்கொண்டது. கடையில் ஓடினது வீட்டில் ஏன் ஓடவில்லை? கடை மேஜையில் இல்லாதது இங்கே என்ன இருக்கிறது? யோசித்துக்கொண்டே லேப்டாப்பின் அடியில் கைவிட்டுத் தடவினாள். சேற்றுக்குள் இறால் எங்கே பதுங்கியிருக்கிறது என்று விரல் நுனியிலேயே அறிகிற கை அது. ஒரு மூலை தோசைக்கல்லாகக் கொதித்தது. காற்று வெளியே வர வேண்டிய பக்கவாட்டில் துளி மூச்சு இல்லை. கையில் பட்டது வழவழவென்று பாலிதீன்.

ஏரிக்குப் போகிறவர்கள் போனைப் பாலிதீனில் போட்டு ரப்பர் பேண்ட் சுற்றித்தான் எடுத்துப்போவார்கள். கரையிலோ ஜன்னல் கம்பியையே அரித்துத் தின்கிற உப்புக்காற்று. மகள் லேப்டாப் வாங்கிய அன்றே மாணிக்கம் அதன் அடிப்பாகம் முழுக்கக் கெட்டி பாலிதீன் சுற்றி டேப் ஒட்டிவிட்டார். சுபாஷ் அதைப் பிய்த்துக் குப்பையில் போட்டிருந்தான். மகள் சோறு தின்கிற நேரத்தில் அவர் புதிதாக ஒன்றைச் சுற்றிவிட்டிருந்தார், பாவம். வெப்பம் போக வழியில்லாமல், வெந்து போகாமல் இருக்க லேப்டாப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டிருக்கிறது!

கத்தரிக்கோலால் சரசரவென்று கிழித்தாள். நாலு கொட்டாங்கச்சியைக் கவிழ்த்து அதன்மேல் லேப்டாப்பைத் தூக்கி வைத்தாள். அடியில் காற்று புகுந்து வெளியேறியது.

மாணிக்கம் பதறிப்போனார். "அய்யோ, உப்புக் காத்து துன்னுடும்மா!"

"துன்னட்டும் நைனா. அது துன்னு முடிக்கிறதுக்குள்ள நான் நூறு கல்யாணம் எடுத்துடறேன்."

கால் மணி நேரம் ஆனது, அரை மணி ஆனது. பிரஷ் கையோடு கூடவே வந்தது. திங்கள் பதினொரு மணிக்குக் கடைசிப் பக்கத்தை அனுப்பிவிட்டுத்தான் எழுந்தாள்.

வியாழக்கிழமை ஆல்பத்தைத் தானே சுமந்துகொண்டு மீஞ்சூர் போனாள். கூடத்தில் சொந்தபந்தம் எல்லாம் சுற்றி உட்கார்ந்து பார்த்தது. காவியா பின்னால் நின்று எட்டி எட்டிப் பார்த்தாள். மாப்பிள்ளையின் அத்தை கஸ்தூரி ஒவ்வொரு பக்கமாகத் தடவித் தடவிப் புரட்டினாள்.

"சோக்கா கீதே! எந்த ஸ்டுடியோ? மெட்ராஸா?"

"பழவேற்காடும்மா. நான்தான் செஞ்சேன்."

கஸ்தூரி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "எறா தடவுறவங்க வூட்டுப் பொண்ணுன்னு சொன்னாங்க..."

"ஆமா. இன்னிக்குக் காத்தால கூட தடவிட்டுத்தான் பஸ் ஏறுனேன்."

அம்பிகா கையை நீட்டி ஆல்பத்தின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். அங்கே 'அம்பிகா மாணிக்கம், பழவேற்காடு' என்று பெரிய எழுத்தில் இருந்தது, கீழே போன் நம்பர்.

"உங்க வூட்டு அடுத்த கல்யாணத்துக்கு இதுல கூப்பிடுங்க. தேதிய முன்னாடியே சொல்லிடுங்கம்மா, எனக்கு ஆர்டர் நெறைய கீது."

அன்றைக்கு அவள் கையில் வேறு ஒரு ஆர்டர்கூட இல்லை.