உப்புக்குக் கதவு எண்

1. லாரி ஏறிப் போன வீடு

"கிளார்க், வீடு எங்கய்யா?" என்று ஒன்றிய அலுவலகத்துத் துணை பி.டி.ஓ. சார் கேட்டபோது நாங்கள் இருவரும் உப்பளத்து வரப்பில் நின்றுகொண்டிருந்தோம். அவர் கையில் டேப்லெட். அதில் ஒரு நீலப் புள்ளி, நாங்கள் நின்ற இடத்திலேயே விட்டு விட்டு மின்னியது. கதவு எண், வார்டு எண், 'கீற்றுக் கூரை, குடியிருப்பு' என்று எல்லாம் தெளிவாகப் போட்டிருந்தது. எதிரே பார்த்தால் வெறும் மண்மேடு. அதன் மேல் நாலைந்து மக்கிய ஓலை, பக்கத்தில் ஒரு நண்டு வளை.

அடுத்த பாத்தியில் சேறு மிதித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"அதா சார்? அது போன வாரமே லாரி ஏறிப் போயிடுச்சே. கூனிமேட்டு பாய் ஒருத்தர் வாங்கிட்டுப் போனாரு."

"வீட்டையா?"

"வீடு ஏது சார் இங்க? உப்புதான் இருந்துச்சு."

துணை பி.டி.ஓ. என்னைப் பார்த்தார். நான் கடல் பக்கம் பார்த்தேன். வீட்டு வரிப் பட்டியலின் கடைசிப் பக்கத்தில் இருந்த கையெழுத்து என்னுடையது.

மரக்காணம் கரையோரத்தில் ஒரு சின்ன ஊராட்சியில் இருபத்தொன்பது வருஷம் செயலராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். செயலர் என்பது அரசாங்கம் வைத்த பெயர். ஊரில் எல்லாருக்கும் கிளார்க்தான். வீட்டு வரி, குடிநீர்க் கட்டணம், தெருவிளக்கு, செத்த மாட்டை அப்புறப்படுத்துவது எல்லாம் என் தலையில்தான். இப்போது இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகள் என்னிடம், "சார், சர்வீஸ்ல பெரிய தப்பு ஏதாவது பண்ணியிருக்கீங்களா?" என்று ஆசையாகக் கேட்கிறார்கள். பண்ணியிருக்கிறேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

2. மேலே இருந்து பார்த்தால்

வீட்டு வரிப் பட்டியலைப் புதுப்பிக்க ட்ரோன் விட்டுப் படம் எடுத்தார்கள். ஒப்பந்தம் எடுத்த கம்பெனி வெளியூர். பையன்கள் நல்ல பையன்கள், சுறுசுறுப்பானவர்கள். ஆனால் அவர்கள் வந்தது மழைக்கு முந்தின வாரம்.

உப்பளம் தெரிந்தவர்களுக்கு அந்த வாரத்தின் அர்த்தம் தெரியும். வாரிய உப்பை மேட்டில் குவித்து, மழை கரைக்காமல் இருக்கக் கீற்று வேய்ந்து மூடுகிற சமயம் அது. இரண்டு பக்கமும் சரித்து, உச்சியில் சேர்த்துக் கட்டி, காற்றில் பறக்காமல் கயிறு போட்டு இழுத்து வைப்பார்கள். பல வீடுகளுக்கே அவ்வளவு நல்ல கூரை கிடையாது. மேலே இருந்து பார்த்த ட்ரோனுக்கு அது அழகான பதினாலு வீடு, வரிசையாக.

உண்மையான வீடுகள் அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தன. உப்பளத் தொழிலாளிகளின் பதினொரு குடும்பம். பூவரச மரங்களும் வேலிகாத்தானும் கூரைக்கு மேலே மூடிக்கொண்டு நிற்கும். ட்ரோன் படத்தில் அந்த இடம் ஒரே பச்சை.

ஆக, உப்புக்குக் கதவு எண் கிடைத்தது. உப்பு வாருகிறவர்களுக்குக் கிடைக்கவில்லை.

இதில் ட்ரோனை நான் குற்றம் சொல்ல மாட்டேன். அதற்கு உப்பு தெரியாது. எனக்குத் தெரியும். பட்டியல் என் மேசைக்கு வந்தது. 'உப்பளப் பகுதி, கீற்றுக் கூரை, பதினாலு' என்று படித்ததும் அந்தப் பதினொரு குடும்பத்துக்குத்தான் ஒருவழியாக எண் வந்துவிட்டது என்று நினைத்தேன். மிச்சம் மூன்று? பிள்ளைகளுக்குக் கல்யாணமாகித் தனிக் குடித்தனம் வைத்திருப்பார்கள் என்று நானே ஒரு கதையும் கட்டிக்கொண்டேன். சைக்கிளில் போனால் பத்து நிமிஷம். போகவில்லை. கையெழுத்துப் போட்டேன். அது மட்டுமா, அன்றைக்கே ஜோதிக்குப் போனும் பண்ணிவிட்டேன்.

3. ஜோதியின் ஃபேன்

ஜோதி அந்தக் குடியிருப்பில் இருப்பவள், நாற்பது வயது இருக்கும். ஆறு வருஷமாக மனு கொடுத்துக்கொண்டிருந்தாள். அவள் கேட்டது ஒரே விஷயம், கரண்ட்.

சிக்கல் இதுதான். அந்த இடம் கிராம நத்தம், குடியிருக்கத் தடை இல்லை. ஆனால் பழைய பதிவேட்டில் அந்தப் பதினொன்றும் 'உப்பளக் கொட்டகை' என்று உப்பள முதலாளி தணிகாசலத்தின் அப்பா பெயரில் இருந்தன. கொட்டகைக்கு வீட்டு வரி கிடையாது. வீட்டு வரி ரசீது இல்லாமல் ஈ.பி.யில் சர்வீஸ் கொடுக்க மாட்டார்கள். மூன்று தலைமுறையாகக் குடித்தனம் நடக்கிறது, காகிதத்தில் மட்டும் மண்வெட்டியும் கூடையும் வைக்கிற இடம்.

"ராத்திரிக்கு லைட்டு இல்லைன்னாக்கூட பரவாயில்லைங்க" என்று ஒருமுறை சொன்னாள். "விடியறதுக்கு முன்னாடியே உப்பு வாரப் போயிடறோம். வெயில் ஏறினா வந்துடறோம். நாங்க தூங்கறதே மத்தியானம்தான். சித்திரை மாசத்து மத்தியானத்துல ஓலை வீட்டுல தூங்கிப் பாத்திருக்கீங்களா? ஒரு ஃபேன் ஓடினா போதும் சார்."

ஃபேனை வாங்கியே வைத்துவிட்டாள். பெட்டி பிரிக்காமல் பரண்மேல் இருந்தது. நான் போன் பண்ணிய மறுநாள் காலையில் ஒரு தூக்கு நிறையக் கேசரியோடு ஆபீசுக்கு வந்தாள். நான் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். முந்திரி தாராளமாகப் போட்டிருந்தாள்.

பிறகு வீட்டு வரி நோட்டீஸ்கள் வந்தன. உப்பளம் அவருடையது என்பதால் பதினாலும் தணிகாசலம் பெயருக்கு. மனிதர் நேராக ஒன்றிய அலுவலகத்துக்குப் போய், "என் உப்புக்கு வீட்டு வரி போட்டிருக்கீங்களே, அதுக்கு ரேஷன் கார்டு எப்போ தருவீங்க?" என்று கேட்டிருக்கிறார். அதன் பலன்தான் முதலில் சொன்ன ஆய்வு.

ஆய்வு முடிந்த அன்று மாலை ஜோதி வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்றபடியே நடந்ததைச் சொன்னேன். உள்ளே கூப்பிட்டாள், நான் போகவில்லை. அவ்வளவு வெட்கம்.

அவள் முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள்.

"உப்புக்கு நம்பர் குடுத்துட்டீங்க. அதை வாரிக் குமிச்சவளுக்கு இல்லையா கிளார்க் சார்?"

அவளே மேலே கேட்டாள்.

"இப்போ இன்னா பண்ணுவாங்க?"

"ஜனவரி இருபத்தாறு கிராம சபையில தீர்மானம் போட்டு அந்தப் பதினாலையும் எடுத்துடுவாங்க. உங்களுது... அடுத்த தடவை பட்டியல் போடும்போதுதான் சேர்க்க முடியும்னு துணை பி.டி.ஓ. சொல்றாரு. அது எத்தனை வருஷம் ஆகும்னு தெரியலம்மா."

அவள் விரல் விட்டு எதையோ எண்ணினாள்.

"தீர்மானம் போட ஆளு வேணும் இல்ல?"

"ஆமா. இத்தனை பேர்னு கணக்கு இருக்குது. அந்தளவுக்கு ஆள் வரலைன்னா தீர்மானம் செல்லாது."

"சரிங்க சார்" என்றாள். "நீங்க சாப்பிட்ட கேசரியைத் திருப்பிக் கேக்கவா முடியும்? ஆக வேண்டியதைப் பாப்போம்."

4. நீங்க சொல்லுங்க, நாங்க சொல்றோம்

கிராம சபைக்கு எங்கள் ஊரில் கூட்டம் சேர்ப்பது பெரும்பாடு. அன்றைக்கு இரண்டு கல்யாணம் வேறு. தலைவரம்மா மல்லிகா கொடியேற்றி, மிட்டாய் கொடுத்துவிட்டுச் சமுதாயக் கூடத்தில் வந்து உட்கார்ந்தார். பதினொரு மணிக்கு எண்ணிப் பார்த்தால் நாற்காலிகள்தான் அதிகம். தணிகாசலம் எழுந்து எழுந்து வாசலைப் பார்த்தார். தீர்மானம் நிறைவேறாவிட்டால் அவருடைய உப்புக்கு வீட்டு வரி கட்டியாக வேண்டும்.

பதினொன்றரைக்கு வாசல் இருட்டியது. பதினொரு குடும்பமும் வந்தது. கணுக்கால் வரை உப்பளச் சேறு, அதைக் கழுவக்கூட இல்லாமல் நேராக வேலையிலிருந்து வந்திருந்தார்கள். வந்தவர்கள் உட்காரவில்லை. வாசலுக்கு வெளியிலேயே நின்றார்கள்.

"உள்ள வாங்கம்மா, கையெழுத்துப் போடுங்க" என்றார் தலைவரம்மா.

"வர்றோங்கம்மா. மொதலாளிகிட்ட ஒரு பேச்சு பேசிட்டு வர்றோம்" என்றாள் ஜோதி.

தணிகாசலம் எழுந்து போனார். நானும் பேனாவோடு பின்னாலேயே போனேன், ஒரு வார்த்தையும் தவறவிடக் கூடாது என்று.

"மொதலாளி, உங்க உப்பு வீடில்லைன்னு நாங்க கை தூக்கறோம். நாங்கதானே வாரினோம், எங்களை விட யாருக்குத் தெரியும்? எங்க கொட்டகை வீடுதான்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லிடுங்க. கணக்கு சரியாப் போயிடும்."

தணிகாசலம் மீசையைத் தடவினார். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் அப்பா கட்டிய கொட்டகையைக் கைவிடுவது என்றால் யாருக்கும் அவ்வளவு சுலபமாக மனசு வராதுதானே.

"ஏம்மா, அது எங்கப்பா போட்டது..."

"உங்கப்பா நாலு கம்புதான் நட்டாரு. அதுக்கப்புறம் கூரை மாத்தனது, சுவர் வெச்சது, புள்ளை பெத்தது எல்லாம் நாங்கதான் மொதலாளி."

வாசலில் நின்ற அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள். தணிகாசலம் சிரிக்காமல் இருக்கத்தான் பார்த்தார். முடியவில்லை. "வா, வா. உள்ள வா. உன்கிட்ட யாரு பேசறது" என்று திரும்பி நடந்தார்.

உள்ளே போய் அவரே எழுந்து நின்று, "அந்தப் பதினொண்ணும் கொட்டகை இல்லீங்க. குடும்பம் நடத்தற வீடு. எனக்கு ஆட்சேபணை கிடையாது. பழைய ரிஜிஸ்டர்ல அப்பா பேரை எடுத்துடுங்க" என்றார்.

துணை பி.டி.ஓ. குறுக்கே பேசினார். "அப்படிச் சட்டுனு சேர்க்க முடியாதுங்க. பதினாலை நீக்கறதுக்கு மட்டும்தான் மேல அனுமதி இருக்கு. புதுசா ஒண்ணு சேர்ந்தாக்கூட ஏன்னு கேட்பாங்க."

இருபத்தொன்பது வருஷத்தில் நான் கிராம சபையில் வாய் திறந்தது தீர்மானம் வாசிக்க மட்டும்தான். அன்றைக்கு எழுந்தேன்.

"சார், புதுசாச் சேர்க்க வேணாம். இதைத் திருத்தம்னே போடுவோம். இடம் தப்பாப் பதிவாயிருக்கு, கள ஆய்வுல சரியான இடம் தெரிஞ்சிருக்குது, அவ்வளவுதான். கையெழுத்துப் போட்டவன் நான். தப்பு என்னுதுன்னு நானே எழுதித் தர்றேன்."

அவர் டேப்லெட்டைப் பார்த்தார், சேற்றுக் கால்களைப் பார்த்தார். "அப்பவும் மூணு குறையுதே?"

"அந்த மூணு உப்பு சார்" என்றார் தலைவரம்மா. "கரைஞ்சுடுச்சுன்னு எழுதிக்கோங்க."

கூடம் முழுக்கச் சிரிப்பு. துணை பி.டி.ஓ.வும் சிரித்துவிட்டார். பதினாலை நீக்கி, பதினொன்றைக் குடியிருப்பாகச் சேர்த்து, ஒரே தீர்மானம். எல்லாரும் கையைத் தூக்கியபடி நின்றார்கள். நான் எண்ணினேன். சந்தோஷத்தில் எண்ணிக்கை தவறிப்போய் மறுபடியும் எண்ணினேன். யாரும் கையை இறக்கவே இல்லை.

5. இளையவர்களுக்கு

ஒன்றே ஒன்று சொல்கிறேன். எந்தப் பட்டியலாக இருந்தாலும், எவ்வளவு நல்ல சேதியாக இருந்தாலும், கையெழுத்துப் போடுவதற்கு முன் செருப்பை மாட்டிக்கொண்டு ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். கெட்ட சேதி வந்தால் நாம் எல்லாரும் சரிபார்ப்போம். நல்ல சேதியைத்தான் நம்பிவிடுகிறோம். நான் அப்படித்தான் ஏமாந்தேன். அப்புறம், தப்பு நம்முடையது என்றால் கூட்டத்தில் சொல்லிவிடுங்கள். தலை ஒன்றும் போய்விடாது. எனக்கு ஒரு மெமோ வந்தது, பதில் எழுதினேன், முடிந்தது.

உத்தரவு பங்குனியில் வந்தது. வரி வசூலுக்குப் போனால் ஆள் உள்ளே இருந்துகொண்டே இல்லை என்பார்கள், அடுத்த மாசம் வா என்பார்கள், ஒருத்தர் நாயையே அவிழ்த்துவிட்டிருக்கிறார். அதெல்லாம் எனக்குப் பழக்கம். உத்தரவு வந்த அன்று மத்தியானம், அவர்கள் தூங்க வேண்டிய நேரத்தில், பதினொரு குடும்பமும் ஷேர் ஆட்டோ பிடித்து ஆபீசுக்கு வந்து இறங்கியது. நல்ல புடவை, தலையில் பூ. யார் முதலில் வரி கட்டுவது என்று வாசலிலேயே சண்டை.

கடைசியில் ஜோதியை முன்னால் தள்ளினார்கள். மெஷினிலிருந்து ரசீதைக் கிழித்துக் கொடுத்தேன். அதை இரண்டு கையாலும் வாங்கி, எழுத்துக் கூட்டித் தன் பெயரை எல்லாருக்கும் கேட்கிற மாதிரி படித்தாள். பிறகு என்னிடம் குனிந்து கேட்டாள்.

"சார், அடுத்த வருஷமும் வரி கேட்டு வருவீங்க இல்ல? மறந்துட மாட்டீங்களே?"