நடுவர்கள் பார்க்காத புடலங்காய்

பரிசு கிடைக்காதவன் பரிசைப் பற்றி எழுதினால் வயிற்றெரிச்சல் என்பார்கள். ஓம், வயிற்றெரிச்சல்தான். எங்கள் பிரதேசத்தின் சிறந்த வீட்டுத்தோட்டத்துக்கான விருதைப் போன மாதம் வேறொருவர் பொன்னாடையோடு வாங்கிக்கொண்டு போனார். நான் கீழே இருந்து கை தட்டினேன். தட்டாமல் வேறு என்ன செய்வது?

நான் வடமராட்சிக் கடலோரத்தில் பிறந்தவன். வள்ளமும் வலையும் பார்த்து வளர்ந்தவன். கல்யாணம் முடித்துச் சுன்னாகத்துப் பக்கம், மனைவிக்குச் சீதனமாகக் கிடைத்த வீட்டுக்கு வந்தேன். சுற்றிவர எல்லாம் செம்மண், வெங்காயம், புகையிலை. பக்கத்து வீட்டில் மனைவியின் அக்கா, எனக்கு மச்சாள். அவர்கள் இருவருடைய ஐயா, என் மாமனார், பேர்போன தோட்டக்காரர். வந்த புதிதில் நான் வைத்த மிளகாய்க் கன்றுகள் வாடிப்போனதைப் பார்த்து, "கடல் பக்கத்து ஆளுக்கு மண் எங்கை விளங்கப்போகுது" என்று மச்சாள் ஒரு கதை சொன்னார். அது ஊர் முழுக்கப் பரவி, சந்தையில்கூட என்னை விசாரித்தார்கள். அதற்குப் பிறகு நான் எதை நட்டாலும் அவர் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்ப்பார். நல்லாயிருக்கிறது என்று ஒரு சொல்? வராது.

எனக்கு விருதுப் பணமும் வேண்டாம், கேடயமும் வேண்டாம். ஒரு நாளாவது இந்த ஊர் தன் வாயால் என்னைத் தோட்டக்காரன் என்று சொல்ல வேண்டும். அதற்காகத்தான், ஓய்வு பெற்ற கையோடு, போட்டிக்குப் பதிந்தேன்.

வீட்டு வளவு முழுக்கக் கத்தரி, வெண்டி, பயிற்றங்கொடி. கிணற்றடியில் புடலங்காய்ப் பந்தல். அந்தப் பந்தலை நைலோன் கயிற்றால், வள்ளம் கட்டுகிற முடிச்சுப் போட்டு இறுக்கியிருந்தேன். எந்தக் காற்றுக்கும் அசையாது. காய் வளையாமல் இருக்க ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு சின்னக் கல்லைக் கட்டிவிட்டேன். எல்லாம் நேர்நேராகத் தொங்கின. பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன், போகட்டும்.

நடுவர்கள் வருகிற அன்று காலை, அவர்களுக்குக் குளிர்பானமும் வாழைப்பழமும் வாங்கச் சந்தைக்குப் போனேன். மனைவி குசினியில் வடை சுட்டுக்கொண்டிருந்தார். நான் திரும்பி வர, நடுவர்களின் வாகனம் வாசல் படலையடியில் நின்றது. முகம் எல்லாம் சிரிப்பாக அவர்கள் இருவரையும் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

பந்தலில் ஒரு காய் இல்லை. கத்தரியில் இல்லை, வெண்டியில் இல்லை. பயிற்றங்கொடி மொட்டையாக நின்றது. கட்டியிருந்த கற்களை யாரோ அவிழ்த்து வரம்பில் குவித்து வைத்திருந்தார்கள்.

"ஐயா, போட்டிக்கெண்டு புதுசா நட்டதோ?" என்று நடுவர்களில் ஒருவர் கேட்டார்.

காலையில் நான் சந்தைக்குப் போகும்வரை பந்தல் நிறையக் காய் இருந்தது என்றேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வைக்குப் பதிலாக என்னை அந்தக் கிணற்றுக்குள்ளேயே தள்ளிவிட்டிருக்கலாம். விளைச்சலுக்குத்தான் அதிகப் புள்ளியாம். குளிர்பானம் குடிக்கவும் நேரமில்லை என்று போய்விட்டார்கள்.

வாகனம் ஒழுங்கையைத் தாண்டிப் பெருந்தெருவுக்கு ஏறியதும் மச்சாள் வந்தார். இடுப்பில் ஒரு பெரிய பனையோலைக் கடகம். அதற்குள் என் புடலங்காய், என் கத்தரி, எல்லாம்.

"இந்தாங்கோ. பத்திரமா வைச்சிருந்தனான்."

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. ஏன் காயெல்லாம் பறித்து ஆய்ந்தீர்கள் என்று கத்தினேன். கண்ணூறு என்றார். அரசாங்கக் கந்தோர் ஆட்கள் வாகனத்தில் வந்து, காயை எண்ணி, படமும் எடுத்தால் பந்தல் அடியோடு பட்டுப்போகுமாம். அவர்கள் வந்ததே பார்க்கத்தான் என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன். கொடியைப் பார்க்கட்டும், காயை ஏன் பார்க்க வேண்டும் என்று அவர் திருப்பிக் கேட்டார். இப்படிப்பட்ட மனிசியோடு என்ன கதைப்பது?

"இந்த ஊருக்கு வந்த நாள் தொட்டு இந்த ஒரு பேருக்குத்தானே மச்சாள் நான் பாடுபட்டனான்" என்றேன்.

மச்சாள் கடகத்தை நிலத்தில் இறக்கினார். பந்தலை நிமிர்ந்து பார்த்தார்.

"எங்கடை ஐயாவும் இப்பிடி ஒரு பந்தல் போடேல்லை."

"இதை ஒரு நாளாவது வாய் திறந்து சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா நாவூறு பட்டிடும். அதுதான் இவ்வளவு காலமும் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தனான்."

ஊர் சிரிக்கச் சொன்ன கதைக்கு நாவூறு இல்லை, ஒரு நல்ல சொல்லுக்கு மட்டும் இருக்கிறதாம். விருது என்றால் சுவரில் கொழுவலாம், வருகிறவர்கள் பார்ப்பார்கள். இந்தச் சொல்லை எங்கே கொழுவுவது? கேட்டது நான் ஒருவன்தான். வெளியே போய்ச் சொன்னால் யாரும் நம்பப்போவதில்லை. மச்சாளிடம் கேட்டால், நாவூறுக்குப் பயந்து, நான் அப்படிச் சொல்லவே இல்லை என்று சத்தியம் பண்ணுவார்.