பனி பூத்த சிலிண்டர்

அம்மாவின் தம்பியிடம் ஒரு பழைய அம்பாசடர் இருந்தது. பெட்ரோலை விட்டுவிட்டு, சமையல் கேஸில் அதை ஓட்டிக் காட்டுகிறேன் என்று மாமா இறங்கியிருந்தார். அது எங்கே நிற்கும் என்று அதற்கே தெரியாது. கல்யாணமான ஆறாம் மாதமே, “இந்த வண்டி என்னைக்கு நிக்காம வாசலுக்கு வருதோ, அன்னைக்கு வாரேன்” என்று சொல்லிவிட்டு, அத்தை சமயநல்லூரில் இருந்த பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள்.

எண்பதுகளின் தொடக்கம் அது. திருநகரில் எங்கள் வீட்டுக்கு அப்போதுதான் கேஸ் அடுப்பு வந்திருந்தது. ஒரே சிலிண்டர். தீர்ந்தால் அடுத்தது வர ஒரு மாதமாகும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமா அதைக் கேட்டு வந்து நின்றார்.

“எஞ் சிலிண்டர் தீந்துபோச்சுக்கா. அவளக் கூட்டிட்டு வந்ததும் மாட்டி விட்டுர்றேன். பாதிகூடத் தீராது.”

அம்மா கழற்றிக்கொள்ளச் சொல்லிவிட்டு, பரணில் ஏறி எதையோ உருட்டத் தொடங்கினாள். எனக்கு என் தோசைக் கவலை. சிலிண்டருக்குக் காவலாக நானும் வண்டியில் ஏறிக்கொண்டேன்.

டிக்கியில் சிலிண்டர், அதிலிருந்து என்ஜினுக்கு ஒரு குழாய். அவ்வளவு தூரமும் சமர்த்தாக ஓடிய வண்டி, அத்தை வீட்டுக்கு இருபதடி இருக்கும்போது திணறி நின்றது. டிக்கியைத் திறந்தால், கொளுத்தும் வெயிலில் சிலிண்டரின் மேல் வெள்ளையாகப் பனி! கேஸ் வேகமாக வெளியேறினால் சிலிண்டர் குளிர்ந்துவிடும், குளிர்ந்தால் கேஸ் வராது என்று எனக்கு விளக்கிய மாமா, அப்படியே சாலையோரம் உட்கார்ந்துவிட்டார். அவர் கண் கலங்கி அன்றுதான் பார்த்தேன். எனக்கும் அழுகை வந்தது.

கதவு திறந்தது. அத்தை ஒரு குண்டான் வெந்நீரைத் துணியால் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தாள். எத்தனையோ தடவை செய்து பழகியவள்போல் சிலிண்டரைச் சுற்றி நிதானமாக ஊற்றினாள்.

“வெந்நி கேக்கக்கூடவா வாய் வரல? எம்புட்டு நேரமா நிக்கிறீக!”

வண்டி உறுமியது. அத்தை உள்ளே போய்ப் பையை எடுத்து வந்து முன்சீட்டில் ஏறிக்கொண்டாள். வண்டி வாசலுக்கு வராததை யாரும் பேசவில்லை.

திருநகரில் எங்கள் வீட்டு வாசலில் கேஸ் சுத்தமாகத் தீர்ந்தது. நான் ஓடிப் போய்ப் புகார் சொன்னேன்.

“தீந்தாத் தீரட்டும். அத்தை வந்துட்டாள்ல?” என்றாள் அம்மா. அவளுக்குப் பின்னால், பரணிலிருந்து இறங்கிய மண்ணெண்ணெய் அடுப்பில் பாயசம் கொதித்துக்கொண்டிருந்தது.

ஒரு மாதம் மண்ணெண்ணெய் வாசத்தோடு தோசை தின்றேன். ஒவ்வொரு தோசைக்கும் மாமாவைத் திட்டினேன். அந்த அடுப்பில் பளிச்சென்று புதுத்திரிகள் இருந்தன. நாங்கள் கிளம்பும்போதே அம்மா அவற்றைப் போட்டுவிட்டாள் என்பது மட்டும் எனக்கு அப்போது உறைக்கவில்லை.