பூட்டை இழுத்துப் பார்க்கும் பெண்

மாம்பலம் ஸ்டேஷன் பக்கம் வண்டி நிறுத்துமிடத்தில் டோக்கன் போடுகிற வேலை எனக்கு. அங்கே ஸ்கூட்டி விடுகிற ஒரு பெண்ணுக்குக் கால் ஓரிடத்தில் நிற்காது. பூட்டிவிட்டுப் போவாள், திரும்பி வந்து ஹேண்டில்பாரை இழுத்துப் பார்ப்பாள். மறுபடி போவாள், மறுபடி வருவாள். ரயில் வரும்வரை போனில் கணக்கு போடுவாள்.

"இன்னாம்மா, டெய்லி போன்கூட சண்டை?" என்றேன்.

"கன்சல்டிங் கம்பெனி வேலைக்கு டெஸ்ட்ண்ணா. கணக்கு நல்லா வரும். ஆனா போட்டதையே சரியான்னு திரும்பத் திரும்பப் பார்ப்பேன், டைம் முடிஞ்சிடும். ரெண்டு கம்பெனி அப்படியே போச்சு. வெள்ளிக்கிழமை இன்னொண்ணு. அதுவும் போனா ஊருக்கே வந்துடுன்றாரு அப்பா."

"வண்டிய இழுத்துப் பாக்கற மாதிரியா?"

"கிண்டல் பண்ணாதீங்கண்ணா" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை வந்தாள், வண்டியை விட்டாள், நேராகப் படியேறினாள். சாவி வண்டியிலேயே தொங்கியது. கூப்பிட வாயெடுத்தேன். கூப்பிட்டால் திரும்பி வருவாள், ரயில் போய்விடும். சாவியை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

பயம் தெளிந்து போனாளா, பயத்தில் மறந்துவிட்டுப் போனாளா? அன்று முழுக்க எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.