அவள் எழுதிய ஜெபச் சீட்டு

கல்யாணமாகிப் பதினோரு வருஷம், எங்களுக்குப் பிள்ளையில்லை. தூத்துக்குடிப் பக்கமிருந்து திருப்பூருக்கு வந்து, பனியன் கம்பெனியில் நான் கட்டிங் மாஸ்டராக இருக்கிறேன். ஞாயிறுதோறும் சபையில் பிள்ளை கேட்டு ஜெபச் சீட்டு எழுதிப் பெட்டியில் போடுவோம். அலுத்துப்போய் நான் நிறுத்திவிட்டேன். என் மனைவி மட்டும் விடவில்லை.

ஒரு ஞாயிறு காலை கேட்டேவிட்டேன். “ஏட்டி, இன்னுமா கேட்டுக்கிட்டிருக்க? ஆண்டவரு காது அடைச்சுப்போச்சு.”

“ரோலைப் பிரிச்ச துணிய ஒரு நாள் கிடக்கவிட்டுத்தான வெட்டுவீக? அவசரப்பட்டா சுருங்கும்னு நீங்கதான சொல்லுவீக?” என்று சிரித்தாள். ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்க மாட்டானா என்பார்கள். எனக்குப் பொறுக்கவில்லை.

அவள் சேலை மாற்றப் போன நேரம், பைபிளுக்குள் மடித்து வைத்திருந்த சீட்டைப் பிரித்துப் பார்த்தேன். பிள்ளையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ‘ஆண்டவரே, என் வீட்டுக்காரர் உம்மோடு பேசுகிறதில்லை. அவர் மனசு கசந்துபோக விடாதேயும்’ என்றிருந்தது.

அன்று சபையில், பல மாதத்துக்குப் பிறகு முழங்காலிட்டேன்.

பிள்ளை இன்னும் வரவில்லை. பக்கத்து வீட்டில் குழந்தை அழுதால் இப்போதும் இருவரும் பேச்சை நிறுத்திக் கேட்போம். ஆனால் அவள் கேட்டது கிடைத்துவிட்டது. சீட்டைப் படித்ததைத்தான் அவளிடம் இன்னும் நான் சொல்லவில்லை.